அக்கரைக்குப் போன பிடியரிசி

ரத்னபாய் கை தூக்கியதை முதலில் பார்த்தவன் நான்தான். பார்த்த உடனே எழுந்து நின்று, "நேசையன் வீட்டுக்காரியே சம்மதிச்சாச்சு, இனி யாருக்கு என்ன தடை?" என்று சத்தம் போட்டவனும் நான்தான். ஐம்பது வருஷத்துக்கு மேலாகிறது. அந்தச் சத்தத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

ஊர்ப் பேரைச் சொல்ல மாட்டேன். பாறசாலையிலிருந்து வெள்ளறடைக்குப் போகிற வழியில், மரச்சீனிக் கிழங்கும் தென்னையுமாகக் கிடக்கிற ஒரு கிராமம். அதில் எண்பது வீடுகள் கொண்ட ஒரு பழைய மிஷன் சபை. வீட்டில் தமிழ், சந்தையில் மலையாளம், சண்டை போட்டால் இரண்டும். அன்றைக்குத் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யம். தமிழ் பேசுகிற தெற்குத் தாலுகாக்களைச் சென்னையோடு சேர்க்க வேண்டும் என்று போராட்டம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் ஓரத்து ஊர்களும் அதோடு போய்விடும் என்று நம்பினோம். நான் நெய்யாற்றின்கரையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தேன். சபைக்கு நான்தான் செயலர். வயது இருபத்து நாலு. தமிழ் என்று சொன்னால் ரத்தம் கொதிக்கும். கொதிப்பில் பாதி என் குரலை நானே கேட்டு ரசித்ததுதான் என்று பிற்பாடு புரிந்தது.

ரத்னபாய்க்கு அப்போது நாற்பது இருக்கும். நல்ல உயரம். யாரிடமும் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேச மாட்டாள். எலியா அண்ணாச்சியின் விளையில், அதாவது கிழங்குத் தோட்டத்தில், கிழங்கு சீவி, அவித்து, காயப் போடுகிற வேலை. கிழங்குக் கறை ஏறி அவள் கட்டைவிரல்கள் எப்போதும் கறுத்திருக்கும். கூலியாகப் பாதி கிழங்கும் மீதி சில்லறையும் கிடைக்கும். பிறந்த ஒரே பிள்ளை எட்டாம் மாசத்தில் காய்ச்சலில் போய்விட்டது. அதற்குப் பிறகு வீட்டில் அவளும் நேசையனும் மட்டும்.

நேசையன் நெய்யாற்றின்கரைச் சந்தையில் சுமடு எடுப்பவன். வாய் ஓயாத ஆள். மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டே எதிரே வருகிறவனைக் கேலி செய்வான். ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வந்தால் பின் பெஞ்சியில் உட்கார்ந்து பிரசங்கம் நீண்டுபோகும்போது சத்தமாக ஆமென் சொல்லி முடித்து வைப்பான். சிரிப்பை அடக்க முடியாமல், நாங்கள் அய்யர் என்று கூப்பிடும் போதகரே வேதபுத்தகத்தை மூடியிருக்கிறார். அப்படிப்பட்டவனுக்கு வயிற்றில் புண் வந்தது. கிழங்கு உள்ளே போனால் எரிந்து வெளியே வந்துவிடும். பொடியரிசிக் கஞ்சி மட்டும்தான் நிற்கும். ஆஸ்பத்திரியிலும் அதையேதான் சொன்னார்கள்: அரிசிக் கஞ்சி கொடு, நேரம் தவறாமல் கொடு. சுமடு எடுக்கிறவனுக்கும் கிழங்கு சீவுகிறவளுக்கும் சொல்ல எளிதான வைத்தியம். வாரம் ஆறு நாளும் கிழங்கு தின்கிற ஊர் அது. அரிசி என்பது ஞாயிற்றுக்கிழமைச் சமாச்சாரம்.

அவன் பிழைத்துக் கிடந்தது பிடியரிசியால். எங்கள் பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. உலையில் அரிசி போடும்போது கர்த்தருக்கென்று ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பார்கள். சனிக்கிழமை பெண்கள் சங்கத்திலிருந்து ஓர் ஆள் ஓலைப்பெட்டியோடு வீடு வீடாகப் போய் அதை வாங்கிச் சபையில் சேர்ப்பாள். அந்த அரிசி சபையிலுள்ள நோயாளிகளுக்கும் நாதியற்றவர்களுக்கும் போகும். பெட்டி தூக்கியது பல வருஷமாக ரத்னபாய்தான். நேசையன் படுத்த பிறகு அந்த அரிசியிலிருந்து வாரம் இரண்டு நாழி அவன் வீட்டுக்கும் போயிற்று. அவள் பெட்டியோடு திரும்பி வரும்போது பாயில் கிடந்தபடியே, "எனக்கத் தாசில்தார் வந்தாச்சு, எழும்புங்கலே" என்று பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிடுவான்.

ஐம்பத்து நாலு ஆகஸ்டில் விளவங்கோடு பக்கம் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஆட்கள் செத்தார்கள். பலர் ஜெயிலுக்குப் போனார்கள். களியக்காவிளைக்கு அப்பால் இருக்கிற ஊர்களை நாங்கள் அக்கரை என்போம். நடுவில் ஆறு ஒன்றும் கிடையாது. அக்கரையில் அடுப்பு எரியாத வீடுகள் இருக்கின்றன என்று செய்தி வந்ததும் நான் சபையைக் கூட்டினேன். பிடியரிசி முழுவதையும் இனி அங்கே அனுப்ப வேண்டும், அதுவும் போதாது, வீட்டுக்கு வாரம் ஒரு நாழி என்று கட்டாயமாக்க வேண்டும், கொடுக்காத வீட்டின் பேரை ஞாயிற்றுக்கிழமை வாசிக்க வேண்டும் என்று தீர்மானம் எழுதிக்கொண்டு போனேன்.

எலியா அண்ணாச்சி எழுந்தார். இருபது ஏக்கர் கிழங்கு விளைக்காரர், ஊரறிந்த கஞ்சன்.

"எலே சுந்தரதாஸ், எனக்கு ஒரு சோத்தியம் உண்டு. மனசறிஞ்சு குடுத்தா அது காணிக்கை. வீட்டுக்கு இம்புட்டுண்ணு பேரு வாசிச்சு வாங்கினா அது வரியாக்கும். நம்ம வரியை வேற தாலுக்காக்காரனுக்க போராட்டத்துக்கு அனுப்பணும்ணு சொல்லுத. அவன் ஜெயிச்சா நமக்கு என்ன கிட்டும்ணு யாரிட்டயாவது கேட்டியா?"

"அண்ணாச்சி, அங்க வெடி கொண்டு செத்தவன் யாரு? நம்ம ஆளு இல்லியா? அவன் ஜெயிச்சா நாமளும் ஜெயிச்சோம். எல்லாரும் ஒண்ணாத்தான் போவோம்."

"இப்படித்தான் சண்டைக் காலத்துல வெள்ளக்காரனுக்கு யுத்த நிதிண்ணு நம்மகிட்ட பிரிச்சாங்க. நேச நாடு ஜெயிச்சா நமக்கும் ஜெயம்ணு சொன்னாங்க. ஜெயிச்சான். நமக்கு என்ன கிட்டிச்சு? இந்தக் கிழங்குதான். நமக்க சபையில கிடக்கிற தீனக்காரனுக்குக் கஞ்சி வச்சிட்டு, மிச்சம் உண்டுண்ணா அங்கோட்டு அனுப்பு. நான் தடுக்கல்ல."

நோயாளியைத் தீனக்காரன் என்று அவர் சொன்னதும் எல்லாத் தலையும் ரத்னபாய் பக்கம் திரும்பியது. நான் அதைப் பயன்படுத்திக்கொண்டேன். செத்தவர்களைப் பற்றிப் பேசினேன். அவர்கள் பெண்டாட்டிகளைப் பற்றிப் பேசினேன். பெண்கள் பகுதியில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. சம்மதிக்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றதும் ஒரு நிமிஷம் ஒருவரும் அசையவில்லை. பிறகு ரத்னபாயின் கை எழுந்தது. அப்புறம் எல்லாக் கையும் எழுந்தது. எலியா அண்ணாச்சி மாத்திரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கஞ்சத்தனத்தால் பேசுகிறார் என்று எல்லோரும் நினைத்தோம். அதனால் அவர் கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

அவளாகவே விட்டுக்கொடுத்தாள் என்றுதான் நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு பெண் வேறு என்ன செய்வாள் என்று யோசிக்க எனக்குப் புத்தி போதவில்லை.

மறுநாள் வீட்டுப் பட்டியல் எழுதினேன். நேசையன் வீடு வந்தபோது பேனாவை நிறுத்தி அவளைப் பார்த்தேன். "எழுதிக்கோ" என்றாள். ஒரு வீட்டை விட்டால் நாலு வீடு வந்து நிற்கும் என்று நானும் எழுதிவிட்டேன். வாரம் இரண்டு நாழி வாங்கிக்கொண்டிருந்த வீடு, அந்த வாரத்திலிருந்து ஒரு நாழி கொடுக்கிற வீடாயிற்று. கிழங்குக் கூலியில் கிடைக்கிற சில்லறைக்கு அரிசி வாங்கி, அதில் ஒரு நாழியைப் பெட்டியில் போட்டுவிட்டு, மீதியில் அவனுக்குக் கஞ்சி வைத்தாள். மீதி என்பது சில வாரம் இருக்கும், சில வாரம் இருக்காது.

மாசம் ஒரு தடவை நான் மூட்டைகளை வண்டியில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டு போவேன். அங்கே ராஜபாய் என்று ஒரு பெண். புருஷன் கால் ஒடிந்து ஜெயிலில் கிடந்தான். மூன்று பிள்ளைகள். நான் போகும்போதெல்லாம் முற்றத்தில் பாய் போட்டு உட்காரச் சொல்வாள். அந்த வீட்டில் பட்டினி இருந்தது. அதில் பொய் இல்லை. அரிசியை அளந்து வாங்கும்போது கீழே சிந்திய மணிகளை அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு நாள் அவள் சொன்னாள்: "ஒங்க ஊருல எல்லாரும் வசதிக்காரங்களாக்கும், இல்லியா அண்ணே? தின்னு மிச்சம் உள்ளதத்தான தருவாங்க. ஆண்டவரு இன்னும் குடுக்கட்டு."

ஆமாம் என்று சொன்னேன். கிழங்கு தின்கிற வீடுகள் கடைக்குப் போய் வாங்கித் தருகிற அரிசி இது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. யாருக்காக வெட்கப்பட்டேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. ஊருக்குத் திரும்பி வந்து, ராஜபாய் எங்களை ஆசீர்வதித்ததைச் சபையில் எழுந்து நின்று உருக்கமாகச் சொன்னேன். அடுத்த வாரம் பேர் வாசிக்க வேண்டிய வீடு ஒன்றும் இருக்கவில்லை.

ஐம்பத்தைந்து ஈஸ்டருக்கு முந்தின நாள் மத்தியானம், சபை வராந்தாவில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தேன். ரத்னபாய் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"தம்பி, ஒரு காரியம் உண்டு."

"சொல்லுங்க அக்கா."

"வியாழக்கிழமை சில வீட்டுல முன்கூட்டியே அரிசி தந்தாங்க. வீட்டுல வச்சிருந்தேன். அதுலேருந்து ஒரு பிடி எடுத்தேன். அவிய ரெண்டு நாளா ஒண்ணும் எறக்கல்ல. கிழங்க மசிச்சுக் குடுத்தேன், அதும் வெளிய வந்துட்டு. ஒரு பிடி போட்டுக் கஞ்சி வச்சேன். குடிச்சிட்டு ஒறங்கினாவ."

நான் ஊசியைச் சாக்கில் குத்தி வைத்தேன்.

"நாளைக்குத் திருவிருந்து. இத மறச்சு வச்சிட்டு நான் எப்படி அப்பத்துக்குக் கை நீட்டுவேன்? அவியளுக்கு ஏதாவது ஆச்சுண்ணா எனக்க தோஷத்துலயாக்கும்ணு பயமா கிடக்கு. அண்ணைக்கு நான் கை தூக்காம இருந்திருந்தா, மாப்பிளக்க கஞ்சிக்காவ ஊரு காரியத்தத் தடுத்தாண்ணு சொல்லுவினும். இப்ப எடுத்துட்டேன். என்ன செய்யணும்ணு நீ சொல்லு மக்கா."

"வீட்டுக்குப் போங்க அக்கா, ஒண்ணும் இல்ல" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? இன்னொரு பிடி அள்ளி அவள் முந்தானையில் போட்டிருக்கலாம். மூட்டை திறந்துதான் இருந்தது. அந்தச் சமயம் ஊரில் ஒரு பேச்சு உலவிக்கொண்டிருந்தது: அரிசி அக்கரைக்கு ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை, செயலர் வீட்டில் கஞ்சி கெட்டியாகிவிட்டது என்று. என் நேர்மையை ஊருக்குக் காட்ட எனக்கு ஒரு சந்தர்ப்பம் தேவைப்பட்டது. அவளே கொண்டு வந்து கொடுத்தாள்.

"கமிட்டியில சொல்லாண்டாமா அக்கா" என்றேன்.

"சொல்லு" என்றாள்.

அன்று சாயங்காலமே கமிட்டி கூடியது. பொது அரிசியில் கை வைத்தது என்று நான் வாசித்தேன். போதகர் இரக்கமுள்ள மனிதர்தான்; ஆனால் ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறதே என்றார். எலியா அண்ணாச்சி மட்டும் மேஜையைத் தட்டினார்.

"இந்த அரிசி போகாண்டாம்ணு முதல்ல சொன்னவன் நானாக்கும். இப்ப கேளுங்க. வாரம் ஒரு நாழி அவ குடுத்துட்டு வாறா. அதுல ஒரு பிடிய அவளே எடுத்தா. இதுல களவு எங்க இருக்கு? வரி வாங்குற சர்க்காரு கூட, சாவக் கிடக்குறவன் வீட்டுல சட்டிப்பானைய எடுக்க மாட்டான்."

யாரும் அவருக்குப் பின்னால் நிற்கவில்லை. மனந்திரும்பிச் சபை முன்னால் அறிக்கை செய்கிறவரை ரத்னபாய் திருவிருந்திலிருந்து விலக்கப்பட்டாள். ஓலைப்பெட்டி வேறொருத்தி கைக்குப் போனது. பதிவுப் புத்தகத்தில் என் அழகான கையெழுத்தில் எழுதினேன். அத்தனை நியாயம் பேசிய எலியா அண்ணாச்சியும் கூட்டம் முடிந்து போகும்போது ஒரு நாழி அரிசி கொண்டு போய் அந்த வீட்டில் கொடுக்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. ஈஸ்டர் அன்றைக்கு அவள் எல்லோருக்கும் முன்னால் எழுந்து, அப்பம் கொடுக்கத் தொடங்குவதற்கு முன் வெளியே போனாள். நேசையன் பாயில் கிடந்தபடியே விஷயத்தைக் கேட்டுவிட்டு, "எனக்கத் தாசில்தாருக்க வேலை போச்சா?" என்று சிரித்தானாம். பிறகு வெகுநேரம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தானாம். பக்கத்து வீட்டு விலாசினி சொன்னாள்.

அதற்குப் பிறகு அவள் ஒரு பிடியும் எடுக்கவில்லை. எடுக்கப் பெட்டி அவள் கையில் இல்லை. வாரம் ஒரு நாழி மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது. பட்டியலில் பெயர் இருந்ததல்லவா.

எடவப்பாதி மழை பிடித்த ஜூன் மாசம் நேசையன் ரத்தமாகக் கக்கினான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகக் கட்டில் தூக்க நாலு ஆள் சேர்ந்தோம்; அதில் நானும் ஒருவன். சந்தையில் இரண்டு மூட்டையை ஒரே நேரத்தில் தூக்கியவன் ஒரு சின்னப் பிள்ளையின் எடை கூட இல்லாமல் இருந்தான். நெய்யாற்றின்கரைக்குப் பாதி வழியில் உயிர் போய்விட்டது. கஞ்சி கிடைத்திருந்தால் பிழைத்திருப்பானா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. அப்படிச் சொல்லித்தான் நான் பல வருஷம் தூங்கினேன்.

அக்டோபரில், மொழிவாரியாக ராஜ்யங்களைப் பிரிப்பதற்காக டில்லி சர்க்கார் போட்ட கமிஷனின் அறிக்கை வந்தது. வக்கீல் ஆபீசில் பத்திரிகையைப் பிரித்துவைத்து மூன்று தடவை வாசித்தேன். சென்னையோடு சேர்கிறவை தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, அங்கே வடக்கே செங்கோட்டை. எங்கள் தாலுகா இல்லை. பக்கத்து வரியில் இருக்கும், அடுத்த பக்கத்தில் இருக்கும் என்று தேடினேன். சைக்கிளை மிதித்து ஊருக்கு வந்து நேரே எலியா அண்ணாச்சியின் விளைக்குப் போனேன். ஏன் அவளிடம் போனேன் என்று கேட்டால் தெரியாது. யாரிடமாவது திட்டு வாங்க வேண்டும் போல இருந்தது. அவள் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அவியளுக்குக் கிட்டியாச்சு. நமக்கு இல்ல."

கத்தியை நிறுத்திக் கேட்டாள்:

"அந்த ராஜபாய்க்க மாப்பிள ஜெயிலிலேருந்து வந்தானா?"

"வந்தாச்சு."

"கால்?"

"நடக்கான்."

"நல்லது" என்று சொல்லிவிட்டு அடுத்த கிழங்கை எடுத்தாள்.

பிடியரிசி அக்கரைக்குப் போவது அந்த மாசமே நின்றது. அதை நிறுத்துவதற்கு ஒரு கூட்டமும் கூடவில்லை, யாரும் கை தூக்கவும் இல்லை. ராஜபாயை நான் பிறகு பார்க்கவில்லை. அவள்மேல் குற்றம் சொல்ல மாட்டேன். பசித்தவள் வாங்கித் தின்றாள். அடுத்த வருஷம் நவம்பர் ஒன்றாம் தேதி அவர்கள் சென்னை ராஜ்யத்துக்குப் போனார்கள். நாங்கள் கேரளத்தில் நின்றோம். அன்றைக்குக் களியக்காவிளைப் பக்கம் கொண்டாட்ட வெடிச் சத்தம் எங்கள் ஊர்வரைக்கும் கேட்டது. எங்கள் ஆட்கள் கிழங்கு விளையில் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

அந்தக் கிறிஸ்மஸுக்கு, விலக்கத்தில் இருக்கிறவர்களை எல்லாம் சேர்த்துக்கொள்ளலாம் என்று கமிட்டி முடிவு செய்தது. சொல்லி அனுப்பினால் ரத்னபாய் வர மாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். வந்த காரணத்தை விலாசினி பிறகுதான் சொன்னாள்: விலக்கத்தில் இருக்கும்போது செத்தால் சபைக் கல்லறைத் தோட்டத்தில் குழி கிடைக்காது, நேசையன் பக்கத்தில் அவளுக்கு இடம் வேண்டும்.

திருவிருந்துக்கு முன்னால் போதகர் அவள் பேரைச் சொன்னார். வெள்ளைச் சேலையில் எழுந்து முன்னால் வந்து நின்றாள். நான் ஓரத்து மேஜையில் பதிவுப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தேன்.

"ரத்னபாய், நீ செய்தது தப்பு என்று சபை முன்னால் ஒப்புக்கொள்ளுகிறாயா?"

"தப்புதான் அய்யரே" என்றாள். வழக்கமாக அங்கேயே முடிந்துவிடும். போதகர் ஜெபம் பண்ணக் கையை உயர்த்தினார். அவள் நகரவில்லை.

"ஒரு பிடியாக்கும் எடுத்தேன். பெட்டி எனக்க கையில இருந்தது. எல்லாச் சனிக்கிழமையும் எனக்க வீட்டு நடை வழியாத்தான் கொண்டு வந்தேன். தெனத்துக்கு ஒரு பிடிண்ணு எடுத்திருக்கணும். பயந்துட்டு எடுக்கல்ல. அதாக்கும் நான் செய்த தப்பு."

எலியா அண்ணாச்சி தலையைக் குனிந்திருந்தார். போதகரின் கை உயர்ந்தபடியே நின்றது. பிறகு மெதுவாக அவள் தலைமேல் இறங்கியது. எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. எழுத வேண்டியது என் வேலை. 'ரத்னபாய் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டாள், சேர்த்துக்கொள்ளப்பட்டாள்' என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டேன்.